களையும் கலையும்

நீலகிரி மலைச்சாரலிலே வெட்டப்பட்ட ஒரு புதர்ச்செடி யானையுருக் கொண்டது, கடல் கடந்தது, 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க் மாநகரத்து வீதியொன்றிலே மந்தை மந்தையாய் வந்து நின்றது. கொம்பனும் பிடியும் கன்றுமாக நூறு யானைகள். அத்தனையும் நாம் நாயுண்ணி என்று ஒதுக்கி நடக்கின்ற செடியின் தண்டினால் ஆனவை. அதே ஆண்டு யூலையில் நியூபோர்ட் கடற்கரையில் தொடங்கிய அந்த யாத்திரை நியூயோர்க்கையும் மயாமியையும் ஹூஸ்டனையும் கடந்து, 2025ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மேற்குக் கரையாகிய கலிபோர்னியாவை எட்டியது. அதற்கு முன்னர், 2021ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டன் மாநகரத்து அரச பூங்காக்களிலே இவற்றின் இனத்தார் மேய்வதுபோல் நின்றிருந்தனர்.

களை என்பது ஒரு சொல். கலை என்பது மற்றொரு சொல். இவ்விரண்டையும் மாற்றி எழுதாத மாணவன் என் வகுப்பில் அருமை. சிவப்பு மையினால் ளகரத்தை லகரமாக்கியும், லகரத்தை ளகரமாக்கியும் என் விரல் தேய்ந்தது. அந்த எழுத்துப் பிழையை இன்று காட்டு மக்கள் சிலர் மெய்யாக்கிவிட்டார்கள் என்று எண்ணும்போது நகைப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. களை என்ற சொல்லுக்கே முகப்பொலிவு என்றும் ஒரு பொருளுண்டு என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இந்த யானைகளைச் செய்வோர் யாவர்? நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியிலே வாழும் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்போரும், கருநாடக எல்லையைச் சார்ந்த சோளகரும் ஆவர். ‘த ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்’ என்ற பெயரால் அவர்கள் ஒரு கூட்டமாகத் தொழில் செய்கிறார்கள். மார்க் ஷாண்ட் என்னும் ஆங்கிலேயர் 2002ஆம் ஆண்டிலே நிறுவிய ‘எலிஃபன்ட் ஃபமிலி’ என்ற அறநிலையம் அவர்களுக்குத் துணை நின்றது. செய்முறை எளிதன்று. செடியின் தண்டை வெட்டிக் கொணர்ந்து கொதிநீரில் வேகவைத்துத் தோலை உரிக்கிறார்கள். வெந்த தண்டு பிரம்புபோல் வளைந்து கொடுக்கும். இரும்புக் கம்பியினாற் கட்டிய கூட்டின்மேல் அதனை வரிவரியாகச் சுற்றி ஆணியடித்துத் தோற்சுருக்கமும் தசைத் திரட்சியும் தோன்றச் செய்கிறார்கள். ஒவ்வோர் உருவமும் அம்மலையிலே உயிரோடு உலவும் ஒரு குறிப்பிட்ட யானையின் சாயல் என்பதே இவற்றின் தனிச்சிறப்பு. இன்ன தோட்டத்தின் ஓரத்திலே வருகின்ற இன்ன தாய்யானை, அதனைத் தொடரும் இன்ன கன்று என்று ஆராய்ச்சியாளர் குறித்து வைத்த அளவும் அங்கமும் கொண்டு அவை ஆக்கப்படுகின்றன. பொதுவான ‘யானை’ ஒன்றை அவர்கள் செய்யவில்லை. தம் அயலாரைச் செய்கிறார்கள்.

நிற்க. மாத்தளையிலிருந்து எழுதுகின்ற ஒரு தமிழாசிரியனுக்கு நீலகிரிச் செடியோடு என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். உறவு ஒன்றன்று, மூன்று உண்டு. அச்செடி நம் மாவட்டத்திலும் மண்டிக் கிடக்கிறது. அந்த யானைகளின் உறவு முறையார் நம் தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் நாவுலவிலும் வேலியோரங்களிலே நிற்கின்றனர். மூன்றாவது உறவு மனிதரைப் பற்றியது. அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன்.

முதலிலே செடியின் வரலாறு. தமிழ்நாட்டார் இதனை உண்ணிச்செடி என்பர். நாம் நாயுண்ணி என்போம். சிங்கள மக்கள் கந்தபான என்பர். நாயின் காதிலே ஒட்டிக் கிடக்கும் உண்ணியைப்போலத் திரண்ட காய்களைக் கண்டு நம்மவர் இட்ட பெயராதல் வேண்டும் என்பது என் கருத்து. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறுகிறார். அவற்றுள் இது இல்லை; இருக்கவும் இயலாது. இதன் பிறப்பிடம் வெப்ப அமெரிக்கா. ஐரோப்பியர் அதன் பன்னிறப் பூங்கொத்தில் மயங்கித் தம் தோட்டங்களுக்கு எடுத்துச் சென்றனர். அங்கிருந்து தாம் ஆண்ட நாடெல்லாம் பரப்பினர். இலங்கைக்கு இது 1826ஆம் ஆண்டிலே பேராதனைத் தாவரத் தோட்டத்தின் வழியாக வந்தது. அழகுக்காகவே அழைக்கப்பட்ட விருந்தினர்!

விருந்தினர் வீட்டுக்காரரானது பறவைகளால். கரும்பச்சைக் காய் பழுத்துக் கருநீலமானதும் கொண்டைக்குருவி முதலிய புட்கள் அதனை உண்டு, வித்தை வேலியிலும் பாறையிடுக்கிலும் இட்டுச் சென்றன. வெட்டினால் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். தீயிட்டால் சாம்பலிலிருந்து முன்னிலும் அடர்த்தியாக எழும். ஆடுமாடு உண்டால் ஈரல் கெடும். வெயில் பட்ட தோல் புண்ணாகும். தன் அடியிலே வேறு புல் முளைப்பதையும் இது எளிதில் அனுமதிப்பதில்லை. இந்தியக் காடுகளிலே ஏறத்தாழ 1,54,000 சதுரக் கிலோமீற்றர் பரப்பை இச்செடி கவர்ந்துள்ளதாக 2020ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இலங்கைத் தீவின் முழுப் பரப்பே 65,610 சதுரக் கிலோமீற்றர்தான் என்பதை எண்ணினால் அத்தொகையின் பெருமை விளங்கும். எனவே சில நூறு யானையுருவங்களைச் செய்வதால் நாயுண்ணி ஒழிந்துவிடும் என்று எவரேனும் கூறினால், கடலை அகப்பையால் இறைத்து வற்றச் செய்வேன் என்பாருக்கு நாம் சொல்லும் மறுமொழியையே அவருக்கும் சொல்லலாம்.

ஆயின் அந்த முயற்சி வீண்தானா? இதற்கு விடை காணுமுன் ‘அந்நியச் செடி’ என்று நாம் வழங்கும் தொடரையே சிறிது ஆராய்தல் வேண்டும். இலக்கணக்காரனுக்குச் சொல்லின்மேல் ஐயம் பிறப்பது இயல்பு.

சென்ற ஆண்டு என் மாணவருக்கு இப்பொருள்பற்றிக் கட்டுரை வரையப் பணித்தேன். ஒரு மாணவன், நல்ல தமிழிலே, “வெளியிலிருந்து வந்தவை யாவும் மண்ணுக்குக் கேடு; அவற்றை வேரோடு களைதல் வேண்டும்” என்று எழுதியிருந்தான். இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவன் அவன். அவ்வாக்கியத்தின் கீழ் நான் கோடிட்டு, “கொக்கோ எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மாத்தளையின் செல்வம் எது? கொக்கோ; அது அமெரிக்காவிலிருந்து வந்தது. றப்பர், அது பிரேசிலிலிருந்து வந்தது. தேயிலை சீனத்தது. அதற்கு முந்திய கோப்பி ஆபிரிக்காவிலே பிறந்து அராபியர் கைமாறி வந்தது. அம்மியில் அரைக்கும் மிளகாயும் அடுப்பில் வேகும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தன. இவற்றையெல்லாம் வேரோடு களைந்தால் மாத்தளையார் மிளகும் சோறும் உண்டு வாழவேண்டியதுதான். ஆகவே ஊர்விட்டு ஊர் வந்தமை குற்றமன்று. வந்த இடத்தில் மற்றெதனையும் வாழவிடாமை குற்றம். அக்குற்றத்திலும் செடியின் பங்கைவிட மனிதனின் பங்கு பெரிது. காட்டை அழித்துக் கோப்பி நட்டவன் மனிதன். கோப்பி நோயுற்றதும் தேயிலை நட்டவனும் அவனே. தேயிலை இலாபம் தராதபோது மலைச்சரிவைக் கைவிட்டுப் போனவனும் அவனே. கைவிட்ட நிலத்திலே நாயுண்ணி குடியேறியது, அவ்வளவே. மூடிய காட்டின் நிழலில் அது செழிப்பதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிலே, பழைய தேயிலைக் காணிகளையும் பத்தனைப் புல்வெளிகளையும் ஆளுயரத்திற்கு மூடி வெண்பூப் பூத்து நிற்கும் மற்றோர் அமெரிக்கப் புதரும் இவ்வாறே வந்தது.

அரசினரும் இவ்விடயத்தில் உறங்கியிருந்தார் அல்லர். பூவின் அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை குளங்களை மூடத் தொடங்கியபோது, 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றினர். சட்டம் நூறாண்டு கடந்தது. ஆகாயத்தாமரையும் நூறாண்டு கடந்து வாழ்கிறது. 1939இலே கொழும்பில் தாவரவியற் கல்விக்காகக் கொணர்ந்த சல்வீனியா நெல்வயலுக்குள் புகுந்தது. அதனை அடக்க 1986இலே ஒரு சிறு வண்டை இறக்குமதி செய்தனர். சட்டத்தால் ஆகாததை வண்டு பல குளங்களிலே செய்து காட்டிற்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கினிப்புல்லும் வந்தேறிதான், ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலிலே இடம்பெறுவதுதான். ஆனால் உடவளவைக் காட்டு யானைகள் அதனை விரும்பி மேய்கின்றன. யானைகள் எமது பட்டியலைப் பார்த்து உண்பதில்லை.

இப்போது நான் முன்னர்க் குறித்த மூன்றாவது உறவு. இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வருகை 1823ஆம் ஆண்டில் தொடங்கியது என்று கொண்டு, 2023இலே அதன் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. நாயுண்ணி வந்ததோ 1826இல். மூன்றாண்டு இடைவெளியிலே ஒரே ஆட்சியினர் கொணர்ந்த இரு வரவுகள்! ஒன்று பூந்தொட்டியில் வந்தது. மற்றொன்று தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியிலே மடிந்தோர் பெயரெழுதி வைத்தாரில்லை. 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலே தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையிலே முடிந்த ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபவனி அந்த வழியையே மீண்டும் மிதித்தது. அவர்கள் வீதியோரமாக வந்தபோது இருபக்கத்துப் புதரிலும் நாயுண்ணி பூத்திருந்ததைக் கண்டேன்.

1948ஆம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இலே பாதி பாதியாகப் பிரித்தனர். மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிய கணக்கு அது. திரும்பிச் சென்றோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசினர் 1968இலே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினர். அத்தோட்டங்களிற் பல அமைந்த ஊர் எதுவென்று எண்ணுகிறீர்கள்? கூடலூர்! நாயுண்ணி யானைகள் பிறந்த அதே கூடலூர்.

என் தாய்வழி மாமன் குடும்பம் அவ்வாறு சென்றதே. மாமன் மகன் தொலைபேசியிலே பேசும்போது, “மச்சான், எங்கள் லயத்துக்குப் பின்னால் உண்ணிக்காடு; அதற்குள் யானை நின்றாலும் பத்தடிக்கு வரும்வரை தெரியாது” என்பார். அந்த ஒரு வாக்கியத்திலே இப்பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. புல் முளைத்த வெளியாயின் யானை மனிதனைக் காணும், மனிதன் யானையைக் காண்பான், இருவரும் விலகிப் போவார்கள். புதர் மூடிய இடத்திலே இருவரும் திடுக்கிட்டு முட்டிக்கொள்வார்கள். யானைக்கு உணவு தராத செடி, யானையை மறைக்கவும் செய்கிறது. ஆகவே கூடலூரார் தம் குடியிருப்பின் ஓரத்து உண்ணியை வெட்டி அதனாலேயே யானை செய்வது வெறும் அணிவேலையன்று. வெட்டிய இடத்தில் அவர்கள் பத்தடிக்கப்பால் நிற்கும் யானையை நேரத்தோடு காண்பார்கள். பூங்காவிலே நின்று படம் பிடித்த இலண்டன் நகரத்தார் இதனை எவ்வளவு உணர்ந்தார்களோ நான் அறியேன்.

இத்துணை அண்மையான ஒப்புமை ஓர் ஆபத்தையும் உடையது. வந்தேறிச் செடி, வந்தேறி மக்கள் என்று நாவில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியோரைக் களையென்றும் பூச்சியென்றும் மேடையிலே பேசுகின்ற அரசியல் இன்று ஓங்கியிருக்கிறது. நம் நாட்டிலும் அத்தகைய பேச்சை என் தலைமுறையார் கேட்டு வளர்ந்தோம். செடிக்கு இலக்கணம் வேறு, மனிதனுக்கு இலக்கணம் வேறு. அஃறிணைக்குரிய விகுதியை உயர்திணைக்குச் சேர்ப்பது திணைவழு என்று தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கிறோம். அவ்வழு ஏட்டிலே நேர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும். சட்டத்திலே நேர்ந்தபோது இலட்சக்கணக்கானோரின் குடியுரிமை போயிற்று. அது முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை செல்லவேண்டியிருந்தது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். திறந்த வெளியிலே, நிலத்தையே துணியாகக் கொண்டு கலை செய்தல் மாத்தளைக்குப் புதிதன்று. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் சீகிரியாக் குன்றையே ஒரு சிங்கமாக எண்ணினான். செங்கல்லாலும் சாந்தாலும் அதன் முன்னுடலைக் கட்டி, அதன் வாய்வழியே படியேற்றினான். இன்று எஞ்சியவை இரு பாதங்களே. எனினும் அப்பாதங்களைக் கண்டோர் மனத்திலே முழுச் சிங்கமும் எழுந்து நிற்கிறது. நம் காலத்திலே லக்கி சேனாநாயக்க (1937–2021) என்ற சிற்பி தம்புள்ளைக்கு அருகே தியபுபுல என்ற இடத்திலே நீரூற்றைச் சுற்றி மரம் வளர்த்துக் காடாக்கி, அக்காட்டினிடையே தம் சிற்பங்களை நிறுத்தினார். காடு அவருக்குச் சுவருமாயிற்று, கூரையுமாயிற்று. 1979ஆம் ஆண்டு நாணயத்தாள்களிலே நம் நாட்டுப் பறவையும் பூவும் விளங்க வரைந்தவரும் அவரே. கண்டலம குளக்கரையிலே ஜெஃப்ரி பாவா 1990களின் முற்பகுதியில் அமைத்த விடுதிக்கு அக்காலத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இன்று கொடிகள் மூடி அக்கட்டடம் பாறையோடு பாறையாய்க் கிடக்கிறது. அவ்விடுதிப் படிக்கட்டின்மேல் சிறகு விரித்த மாபெரும் ஆந்தையும் லக்கியின் கைவேலையே.

இவை பெரியோர் செய்தவை. எளியோர் செய்பவையும் உண்டு. மாசிமக விழாவிலே மாத்தளை முத்துமாரியம்மன் ஐந்து தேரும் அசைந்து வரும்போது குருத்தோலையும் மாவிலையும் கமுகம்பூவும் கொண்டு தெருவெங்கும் தோரணம் தொங்குவதைக் காணாதார் இல்லை. வெசாக் காலத்திலே சிங்கள இளைஞர் மூங்கிலை வளைத்துக் கூடு கட்டுவர். இரண்டும் சில நாள்களில் வாடி உதிர்வன. ஓலையைக் கிழிக்கும் கையிலே உள்ள நுட்பத்தை நாம் கலையென்று எண்ணுவதேயில்லை. ஏனெனில் அதற்கு விலைச்சீட்டு இல்லை. நாயுண்ணித் தண்டை வேகவைத்து வளைப்பதற்கு வேண்டிய கை நம்மிடத்திலே ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சொல்லவே இதனைக் குறித்தேன்.

யானையின் நிலையையும் சிறிது கூறவேண்டும். 2023ஆம் ஆண்டிலே இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானையால் 150க்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர். துப்பாக்கிச் சூடு, வேலியிலே திருட்டுத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரம், பூசணிக்காயினுள் மறைத்த வெடி, புகையிரதம் என்று மரணத்துக்குப் பல வாயில்கள். கலேவெலவிலும் நாவுலவிலும் சேனைக்காரன் இரவெல்லாம் மரத்துப் பரணிலே விழித்திருக்கிறான். யானையுருவத்தைப் பூங்காவில் நிறுத்தி, “இதனோடு இணைந்து வாழுங்கள்” என்று அவனுக்கு உபதேசித்தால் அவன் நம்மை நோக்கிச் சிரிப்பான். அச்சிரிப்பு நியாயமானது. ஆகவே நியூயோர்க்கிலே பலித்ததை அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து சீகிரியா வீதியில் நட்டுவிட்டால் உல்லாசப் பயணிகளின் புகைப்படத்துக்கு அன்றி வேறெதற்கும் அது உதவாது என்பது என் துணிபு.

இக்கலைமேற் சொல்லப்படும் குறைகளிலே ஒன்றை மட்டும் நான் மெய்யென ஒப்புகிறேன். களைக்கு விலை பிறந்தால் களையை வளர்ப்பாரும் பிறப்பர். தண்டு நன்றாகத் திரளட்டும் என்று வேரை விட்டு வெட்டுவர். அடுத்த மழையிலே அது இருமடங்காகத் தழைக்கும். வெட்டுவோருக்குக் கூலி தண்டின் எடைக்கு அளக்கப்படின் இது நிச்சயம் நடக்கும். துப்புரவான நிலத்தின் பரப்புக்கு அளக்கப்படல் வேண்டும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்துப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது மீண்டும் தழைப்பது அரிது என்று இந்தியக் காடுகளிலே கண்டிருக்கிறார்கள். காய் பழுக்குமுன் இதனைச் செய்தல் வேண்டும். இல்லையேல் தண்டை ஏற்றிச் செல்லும் லொறியே வித்தையும் விதைத்துக்கொண்டு போகும்.

கப்பற்கூலி கொடுத்து உலகைச் சுற்றுவது ஆடம்பரம் என்பார் கூற்றை அவ்வாறு முழுதும் ஏற்கமாட்டேன். அவ்வுருவங்கள் விலைபோன பணம் மனிதரும் விலங்கும் இணைந்து வாழும் முயற்சிகளுக்குச் சென்றது. குறும்பருக்கும் பணியருக்கும் தம் ஊரிலேயே, தம் கைத்திறனால், ஒரு தொழில் கிடைத்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு, எத்தனை ஆர்ப்பாட்டம்! அத்தொகையைப் பெறுவதற்கும் இத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்குத் தீரவேண்டியிருந்தது. அதே மலையில், அதே கையால், கைவிட்ட சரிவைத் துப்புரவாக்கி, அத்தண்டினாலே விலையுள்ள பொருள் செய்ய அவளுக்கு வழியுண்டாயின் அதனை ஆடம்பரம் என்று கூற என் நா எழாது.

ஆனால் சரிவு யாருடையது? இதுவே இவ்விடயத்தின் முடிச்சு. காட்டுத் திணைக்களத்தினதாயின் உத்தரவு வேண்டும். கம்பெனியின் குத்தகைக் காணியாயின் துரையின் தயவு வேண்டும். இருநூறாண்டாக அம்மலையிலே வாழ்வோரிற் பெரும்பாலார்க்குத் தம் லயத்து அறையிருக்கும் மண்ணும் உரித்தன்று. ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் பூத்து, தேர்தல் முடிந்ததும் உதிர்கின்றது. தனக்கு உரித்தில்லாத நிலத்தின் களையை ஒருமுறை கூலிக்கு வெட்டலாம். ஆண்டுதோறும் திரும்பி வந்து முளையைக் கிள்ள எவன் வருவான்? நாயுண்ணியை வெல்வது வெட்டும் நாளன்று நடைபெறுவதில்லை. வெட்டிய பின் வரும் ஐந்தாறு மழைக்காலங்களிலே நடைபெறுவது. அதற்கு நிலத்தின்மேல் உரித்துடைய ஒருவனின் கண் வேண்டும். நெடுங்காலமாகக் கைவிடப்பட்டிருக்கும் தோட்டச் சரிவுகளை, மரம் வளர்க்கும் நிபந்தனையோடு, தோட்டத்து இளைஞர் கூட்டங்களுக்கு நீண்டகாலக் குத்தகையாக எழுதிக் கொடுத்தால் என்ன? கம்பெனிகளுக்குப் பல்லாண்டுக் குத்தகை எழுதத் தெரிந்த அரசினருக்கு இது எழுதத் தெரியாதா?

உருவம் எதுவாயிருத்தல் வேண்டும் என்பதிலே எனக்கொரு விருப்பம் உண்டு. யானையைக் கூடலூரார் செய்துவிட்டார்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளைவரை ஒன்பதாம் இலக்க வீதியோரத்திலே, தலையில் மூட்டையும் இடுப்பிற் குழந்தையுமாக நடந்து வந்த மக்களை நாயுண்ணித் தண்டினாலே செய்து நிறுத்தலாம். இரும்புக் கூடு வேண்டாம். மூங்கிற் கூடே போதும். நாலைந்து மழையிலே அவை கறுத்துச் சாய்ந்து மண்ணிலே வீழும். வழியில் வீழ்ந்தோரின் நினைவு அதனினும் நன்றாக எக்கல்லாலே விளங்கும்? இதனைக் கூறியபோது நண்பர் ஒருவர் முகஞ்சுளித்தார். “நம்மைக் களையென்றே பேசினார்கள், நம் முன்னோரைக் களையாலேயே செய்து வைப்பீரோ?” என்றார். அவர் கேட்டதிலே நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். என் மாணவரிடத்திலே இவ்வினாவை வைத்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கொக்கோக் கேள்வி பெற்ற அம்மாணவன் செய்தே தீரவேண்டும் என்ற கட்சியிலே நின்றான். நடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஐம்பது கடந்த பண்டிதன் அவர்களுக்காக முடிவு செய்தல் முறையன்று.

துப்புரவாக்கிய நிலத்திலே நடவேண்டியவற்றை மட்டும் நான் உறுதியாகக் கூறுவேன். மாத்தளையின் உலர்ந்த பத்தனைகளிலே, புல்லிடையே தொன்றுதொட்டு நிற்பவை நெல்லியும் கடுக்காயும் தான்றியும். தீயையும் வறட்சியையும் தாங்குபவை, வைத்தியருக்கும் வேண்டியவை. மாரி மழைக்கு முன் குழியெடுத்து, மழை விழுந்ததும் நட்டு, அம்மரங்கள் ஓங்கி வளரும்வரை அடியிலே முளைக்கின்ற நாயுண்ணிக் கன்றை ஆண்டுதோறும் கையாற் பிடுங்கிவிடல் வேண்டும். கன்றுகளை எங்கே பெறுவது என்று அண்மையிலே மூன்று பெற்றோர் என்னிடம் வந்து வினவினார்கள்; நெல்லிக் கன்றுக்கு வழி சொல்லி அனுப்பினேன், கடுக்காய்க் கன்றுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.